மூன்றுக்கு இரண்டு

டீச்சர்,

இன்று காலை பள்ளிக்கூடம் போகும்போது மடுல்கெல்ல பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த மனுஷி, வளைவுகள் தொடங்குவதற்கு முன்பே கைப்பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தாள். நீங்கள் செய்வீர்களே, அதேபோல. அந்த வாசனை வந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் என்ன நினைத்தாளோ, "ஒங்களுக்கும் தலை சுத்துதா? இந்தாங்க" என்று அதை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

பிறந்து வளர்ந்த ரோட்டிலேயே வாந்தி வருகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று எத்தனை நாள் பகிடி பண்ணியிருப்பேன். "என்னா டீச்சர் செய்ய, தோட்டத்து லயத்துல இருந்தப்ப எல்லாத்துக்கும் நடந்துதானே போனோம். பஸ்ல போயிருந்தாத்தானே ஒடம்புக்குப் பழகும்" என்பீர்கள். திகனவில் ஏறுகிற நீங்கள், குண்டசாலையில் ஏறுகிற எனக்காகப் பக்கத்து இருக்கையில் குடையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பீர்கள். கண்டியில் இறங்கி மடுல்கெல்ல பஸ்ஸுக்கு மாறினால் அங்கேயும் அதே குடைதான்.

நீங்கள் போய் நாலு மாதமாகிறது. போவதற்கு முந்திய ஐந்து கிழமையும் நான் உங்களை வந்து பார்க்கவில்லை. என் வீட்டுச் சந்தியில் ஏறினால் உங்கள் வீட்டுக்கு அரை மணித்தியாலம்கூட இல்லை. நீங்கள் வரச்சொல்லிக் கேட்டும் வரவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரு மூலையில் இதைச் சொல்லித் தப்பிக்கிற ஆளாக உங்களிடமாவது நான் இருக்கக் கூடாது.

ஒன்பது வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். ஒன்பது வருஷமும் நீங்கள் எனக்கு டீச்சர், நான் உங்களுக்கு டீச்சர். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்துக் கண்டிப் பக்கம் வந்தவள். நான் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்று சொல்லும்போதெல்லாம், "சாமி கும்புட ஆரம்பிச்சிட்டீங்களா" என்று கேட்பீர்கள். ஒன்பது வருஷமும் அதே பகிடி. ஒன்பது வருஷமும் நான் சிரித்தேன்.

இங்கிலிஷ் நம் தலையில் விழுந்தது ஆறு வருஷத்துக்கு முன்பு. அதைப் படிப்பித்த சேர் மாற்றலாகிப் போன கிழமை அதிபர் நம் இருவரையும் கூப்பிட்டுவிட்டார். நீங்கள் சின்ன வகுப்பு டீச்சர், நான் வரலாறு. "புதுசா ஆள் வர்ற வரைக்கும் ஆறாம் ஏழாம் வகுப்பு இங்கிலிஷ நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பாத்துக்கங்க. ஒரு தவணைக்குத்தான்" என்றார். அந்த ஒரு தவணை இன்னும் முடியவில்லை. வெளியே வந்ததும் நீங்கள் என் காதருகே, "எனக்கு பஸ் போர்டு வாசிக்கிற அளவுக்குத்தான் டீச்சர் இங்கிலிஷ் வரும். அதுவும் பஸ் நின்னாத்தான்" என்றீர்கள். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும் என்ற எண்ணம் அன்றைக்கே எனக்குள் இருந்தது.

பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் எப்படியோ தாண்டிவிட்டோம். வினையடையில்தான் போய் இடித்துக்கொண்டோம். பஸ்ஸில் பாடப்புத்தகத்தை இரண்டு மடியிலுமாக விரித்து வைத்து, நாளைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லப்போவதை இன்றைக்கு நாம் படித்தோம். எப்படி, எப்போது, எங்கே, எத்தனை தரம் என்று கேட்டால் வருகிற பதில் வினையடை என்று புத்தகம் சொன்னது. பன்வில தாண்டுகிற இடத்தில், தேசிக்காய் மூக்கிலிருக்க, நீங்கள்தான் அதைப் பிடித்தீர்கள். "நம்ம 'ஆக'தான் டீச்சர் இவங்களோட 'லி'. மெதுவாக, ஸ்லோலி. கவனமாக, கெயார்ஃபுலி. அம்புட்டுதான். இதுக்குப்போயி பயந்துட்டோமே." அடுத்த பக்கத்தைப் புரட்டினால் ஃபாஸ்ட் என்ற சொல் லி இல்லாமல் மொட்டையாக நின்றது. குட் என்பது வெல் என்று ஆளே மாறிப்போயிருந்தது. "இதுக சொல்பேச்சு கேக்காத பிள்ளைக போல" என்று புத்தகத்தை மூடிவிட்டீர்கள்.

இன்னொரு நாள் நான் ஒன்றைக் கவனித்துச் சொன்னேன். தமிழில் நாம் எப்படி என்பதை முதலில் சொல்லி, வினையைக் கடைசியில் வைக்கிறோம். அவர்கள் பெரும்பாலும் வினையைச் சொல்லி முடித்துவிட்டு அதன் பிறகுதான் எப்படி என்கிறார்கள். நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள். "அதுவும் சரிதான். மொதல்ல வேலைய செய்யி, நல்லா செஞ்சியா மோசமா செஞ்சியான்னு பொறவு பாத்துக்கலாம்" என்றீர்கள். இப்போது என் நெஞ்சில் கிடந்து குத்துகிற பேச்சு அது. அன்றைக்கு அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல வழி என்று கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

நீங்கள் வினையடை படிப்பித்த விதத்தை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். கரும்பலகையில் ஒரு சொல்லும் எழுதாமல் பிள்ளைகளை எழுப்பி நடக்கவிடுவீர்கள். குயிக்லி என்றால் ஓட்டம், ஸ்லோலி என்றால் ஆமை நடை. ஒரு நாள் "டயர்ட்லி, களைப்பாக நடங்க" என்றீர்கள். முப்பது பிள்ளைகளும் ஒரே மாதிரி நடந்தார்கள். கழுத்தை முன்னே தள்ளி, ஒரு கையைத் தலையில் வைத்து, இல்லாத கயிற்றைப் பிடித்துக்கொண்டு. தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு நிறுக்க வருகிற அம்மாக்களின் நடை அது. நான் வாசலில் நின்று சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. மத்தியானம் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது, "எங்கம்மாவும் அப்பிடித்தான் டீச்சர் நடப்பாங்க" என்று மட்டும் சொன்னீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

மூன்று வசனம் என்ற ஏற்பாடு என்னுடையது. தினமும் பின்னேரம் ஐந்து மணிக்கு ஆளுக்கு மூன்று இங்கிலிஷ் வசனம் போனில் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு வினையடை இருக்க வேண்டும். உண்மையாக நடந்ததாக இருக்க வேண்டும். ஒருவர் அனுப்பியதை மற்றவர் திருத்தி, மூன்றுக்கு இவ்வளவு என்று புள்ளி போட வேண்டும். ஒரு தமிழ்ச் சொல் வந்தாலும் மூன்று புள்ளியும் போய்விடும். மண்சரிவு அபாயம் என்று பள்ளிக்கூடத்தை மூடிய அன்று அவசரத்தில் நீங்கள் தமிழில் செய்தி அனுப்பினீர்கள். நன்றி சொல்லிவிட்டு, கீழே முட்டை போட்டேன். அடுத்த நாள் பஸ்ஸில், "மலையே சரிஞ்சாலும் எங்க டீச்சர் முட்டதான் போடுவாங்க" என்று கண்டக்டருக்கே சொல்லிச் சிரித்தீர்கள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

முதல் இரண்டு வருஷம் நீங்களும் எனக்குப் புள்ளி போட்டீர்கள். பிறகு என்னை ஆறு நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். ஒரு சான்றிதழோடும் ஒரு புது நடையோடும் திரும்பி வந்தேன். "இனி நீங்க அனுப்புங்கோ, நான் திருத்துறன். எனக்கு நேரமில்லை" என்றேன். நீங்கள் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. "சரிங்க டீச்சர்" என்றீர்கள். அன்றிலிருந்து உங்கள் வாழ்க்கை தினமும் மூன்று வரியாக என்னிடம் வந்தது. நான் அதில் சிவப்பு அடையாளம் போட இடம் தேடினேன்.

நோய் என்று தெரிந்தபோது அது வயிறு முழுக்கப் பரவியிருந்தது. நான் உங்களை இரண்டு தரம் பார்க்க வந்தேன். முதல் தரம் ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்து ஆட்கள் ஆறு பேரோடு, தோடம்பழப் பையோடு. அது சுலபமாக இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தோம். இரண்டாம் தரம் தனியாக, வீட்டுக்கு. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் அனுப்பிவிட்ட பிறகு. கதிரையில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தீர்கள். உங்கள் காப்பு நழுவி முழங்கை வரை ஏறியிருந்தது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் அது மடியில் சிந்தியது. நான் பார்க்காததுபோல் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன்.

"அடிக்கடி வாங்க டீச்சர். ஒன்னும் கொண்டாற வேணாம். சும்மா பக்கத்துல இருந்துட்டுப் போங்க" என்றீர்கள்.

"ஓம் டீச்சர், வாற சனிக்கிழமை கட்டாயம் வாறன்" என்றேன்.

இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று எழும்பினேன். அப்போது மூன்றரை மணி. திகனச் சந்தியில் வந்த முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். நான் பயந்துவிட்டேன், டீச்சர். உங்களைப் பார்க்கப் பயந்தேன். உங்கள் உடம்பு இல்லாமல்போவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. வேலை, வேலை என்று எல்லோரிடமும் சொன்னதெல்லாம் பொய்.

ஆனால் ஐந்து மணிக்கு மூன்று வசனம் வந்துகொண்டேயிருந்தது. அதற்கு நான் ஒரு நாளும் பிந்தவில்லை. முதலில் எல்லாம் சிரிப்பு வசனங்கள். காகம் என் ஜன்னலில் சத்தமாகக் கத்துகிறது. என் கணவர் சோற்றை மோசமாக ஆக்குகிறார். நான் அதைப் பொறுமையாகச் சாப்பிடுகிறேன். மூன்றுக்கு மூன்று போட்டேன். பிறகு, மோசமாக நித்திரை கொண்டேன் என்று வந்தது. குளியலறைக்கு மெதுவாக நடந்தேன் என்று வந்தது. மறுபடியும் மோசமாக நித்திரை. நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'பேட்லி' இந்தக் கிழமையில் மூன்றாம் தரம், புதிய வினையடை ஒன்று தேடுங்கள் என்று எழுதினேன். அடுத்த நாள் நீங்கள் புதிய வினையடை தேடி அனுப்பியிருந்தீர்கள். நான் தனியாக அழுதேன் என்று. அதில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. புள்ளி போட்டு அனுப்பிவிட்டு அடுப்பில் பருப்பைப் பார்க்கப் போனேன்.

ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் நானும் இரண்டு சொல் சேர்ப்பேன். விரைவில் வருகிறேன். நிச்சயமாக வருகிறேன். சூன். ஷுவர்லி. எத்தனை அழகான வினையடைகள். ஒன்றிலும் பிழை பிடிக்க முடியாது. வருவது என்ற அந்த ஒரு வேலையைத்தான் நான் செய்யவில்லை. முதலில் வேலையைச் செய், எப்படிச் செய்தாய் என்று பிறகு பார்க்கலாம் என்று நீங்கள் சொன்னதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். சான்றிதழ் எடுத்த எனக்கு ஏறவில்லை.

கடைசிப் பத்துப் பன்னிரண்டு நாளும் உங்கள் வசனங்களில் பிழை மலிந்தது. எழுத்துகள் விடுபட்டன, இடம் மாறின, ஒரே எழுத்து இரண்டு தரம் விழுந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. அதைச் சொல்லவே கூசுகிறது. நோயாளி என்று தெரிந்தும், கவனமில்லாமல் எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் கவனமாக, கெயார்ஃபுலி, என்று பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினேன்.

கடைசியாக வந்தது ஒரு வியாழக்கிழமை. இன்று மழை பலமாகப் பெய்கிறது. நான் இங்கே உங்களுக்காகத் தினமும் காத்திருக்கிறேன். நீங்கள் அரிதாகவே வருகிறீர்கள். மூன்றாவதில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, மூன்றுக்கு இரண்டு போட்டு, சனிக்கிழமை வருகிறேன் என்று அடியில் எழுதினேன். வெள்ளிக்கிழமை பாடம் நடக்கும்போது அதிபர் வகுப்பு வாசலுக்கு வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் உங்கள் வீட்டுக்கு மறுபடி வந்தது அதற்குப் பிறகுதான். அன்றைக்கு வழி விசாரிக்க வேண்டியிருக்கவில்லை; சந்தியிலிருந்தே சாவீட்டு வெள்ளைக்கொடி கட்டியிருந்தது.

கருமாதிக்கு வந்தேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு உங்கள் கணவர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். அவரோடு நான் அதற்கு முன்பு நாலு வார்த்தைகூடக் கதைத்ததில்லை. திகன ஹார்ட்வெயார் கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கிறவர் என்று தெரியும், உங்கள் வசனங்களில் சோறு ஆக்குகிறவர் என்று தெரியும். அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்துத் தந்தார். நான் அனுப்பிய ஒவ்வொரு திருத்தத்தையும் திகதி போட்டு உங்கள் கையால் எழுதி வைத்திருந்தீர்கள். புள்ளியைச் சுற்றி வட்டம்கூடப் போட்டிருந்தீர்கள். கடைசிப் பக்கங்களில் வேறு கையெழுத்து. பெரிய, கோணல்மாணலான எழுத்து.

"கடைசியில அவளால போனப் புடிக்க முடியல டீச்சர்" என்றார். "ஒவ்வொரு எழுத்தா அவ சொல்லுவா, நாந்தான் தேடி அமுத்துவேன். எனக்கு இங்கிலிஷ் எழுத்தே தெரியாது. இது காலு நீட்டிக்கிட்டு இருக்கும், அது வயிறு தள்ளிக்கிட்டு இருக்கும்னு அடையாளம் சொல்லிச் சொல்லித் தந்தா. மூணு வரிக்கு ஒரு மணித்தியாலம் போகும். நடுவுல மூச்சு வாங்கும், படுத்துக்குவா, திரும்பவும் சொல்லுவா. அஞ்சு மணிக்குப் போவணும்னு நாலு மணிக்கே ஆரம்பிச்சிருவோம்."

ஒரு வரி தமிழில் எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். அந்தக் கேள்வியை எப்படிக் கேட்டேனோ தெரியாது.

"நானும் சொன்னேனுங்க. தமிழ்ல எழுதினா மூணு புள்ளியும் போயிருமுன்னுட்டா. கடைசி நாளு எத்தன போட்டிருக்காங்கன்னு கேட்டா. ரெண்டுன்னேன். பரவாயில்ல, நாளைக்கி மூணும் எடுத்துருவேன்னு சொல்லிட்டுத்தான் படுத்தா."

பிறகு அவர் எனக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடை முதலாளிக்கு முன்னால் நிற்பதுபோல.

"ஒன்னு சொல்லணும்னே கூப்புட்டேன் டீச்சர். அந்தப் பெழையெல்லாம் என்னோடது. அவ சரியாத்தான் சொன்னா. என்னாலதான் அவளுக்குப் புள்ளி கொறஞ்சிச்சி. நீங்க அவளப் பிழையா நெனச்சிறாதீங்க. மன்னிச்சிக்கங்க."

டீச்சர், நான் அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. "அதுக்கென்ன, பரவாயில்லை" என்றேன். கொப்பியை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவரைப் பிடித்து, பிழை உங்களுடையது இல்லை, அவள் கூப்பிட்டாள், நான் வரவில்லை, அதுதான் பிழை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவரை மன்னித்துவிட்டு வந்தேன். உங்கள் வகுப்பையும் அதிபர் எனக்கே தந்திருக்கிறார். பிள்ளைகளின் கொப்பிகள் மூன்று கிழமையாக மேசையில் அடுக்கிக் கிடக்கின்றன. பேனையை எடுத்தால், ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் அதை எழுத எவ்வளவு நேரம் போயிருக்கும் என்ற நினைப்புத்தான் வருகிறது. புள்ளி போடக் கை வரவில்லை.

உங்கள் கணவர் இன்றைக்கும் காலையில் கடைக்குப் போய், ஆணியும் கம்பியும் நிறுத்துக் கொடுத்து, பின்னேரம் அந்த வீட்டுக்குத் திரும்பியிருப்பார். தன் கைவிரலால்தான் உங்களுக்கு ஒரு புள்ளி போனது என்று நினைத்துக்கொண்டு தனியாகச் சோறு ஆக்கிக்கொண்டிருப்பார். நாலு மாதமாக நான் போய் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. பஸ்ஸும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. அன்று உங்களிடம் வராமல் என்னைத் தடுத்தது எதுவோ, அதுவே இன்றும் தடுக்கிறது.

இந்தச் சனிக்கிழமை கட்டாயம் போகிறேன் என்று எழுதித்தான் இந்த மடலை முடிக்க நினைத்திருந்தேன். எழுத மாட்டேன், டீச்சர். அந்த வசனத்தை உங்களுக்கு நிறையத் தரம் எழுதிவிட்டேன்.